இது ஆருக்கு?

வாப்பா எங்கள் வீட்டுக்குப் புதுக் கேட் போட்ட அன்றுதான் பக்கத்து வீட்டு மதினி அந்தக் கேள்வியைக் கேட்டதை நான் முதலில் பார்த்தேன். ஆளைவிட உயரமான இரும்புக் கேட். பச்சை பூசி, நடுவில் பொன்னிறப் பூ வேலை. எங்களிடம் அப்போது ஒரு சைக்கிள்தான் இருந்தது. ஒழுங்கைக்குள் ஒரு ஓட்டோ வந்தால் எதிரே வருபவர் வேலியோடு ஒட்டி நிற்க வேண்டும். இருந்தாலும் அயலவர்கள் வந்து தொட்டுப் பார்த்து, நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மதினி ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்தார். கேட்டை ஒருமுறை திறந்தார், ஒருமுறை மூடினார். வாப்பாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டார்:

"இது ஆருக்கு?"

"ஆருக்கெண்டா? வீட்டுக்குத்தான் மகள்."

"வீட்டுக்குச் சின்னக் கேட் இரிந்திச்சே. அதால எல்லாரும் வந்தாங்க, போனாங்க. இது ஆருக்கு?"

வாப்பா சிரித்துச் சமாளித்தார். இரவுச் சாப்பாட்டின்போது உம்மாவிடம், "அந்தப் புள்ள கேட்டதுல பிழையில்ல. தெருவால போறவனுக்குத்தான் போட்டிரிக்கன்" என்றார்.

மதினி எங்கள் ஊர்க்காரர் அல்ல, இலங்கைக்காரரும் அல்ல. பசிபிக் கடலில், பாடசாலை வரைபடத்தில் பேர் எழுதவே இடம் போதாத ஒரு சின்னத் தீவு நாட்டில் பிறந்தவர். அண்ணனை நாங்கள் காக்கா என்போம்; எங்கள் பக்கத்து வீட்டுக் காக்கா ஒருவர் அங்கே கிரேன் ஓட்டப் போனார். ஏதோ ஒரு பெரிய நாடு காசு கொடுக்க, இன்னொரு நாட்டுக் கொம்பனி அந்தத் தீவில் கப்பல் வந்து அணையும் இறங்குதுறை ஒன்றைக் கட்டியது. வேலை முடிந்து காக்கா ஊருக்கு வந்தபோது மதினியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவருக்கு அங்கே ஒரு பேர் இருந்தது, நிக்காஹ் முடிந்த பிறகு வைத்த பேர் ஒன்றும் இருந்தது. எங்கள் ஒழுங்கையில் இரண்டையும் யாரும் சொல்லவில்லை. பெரியவர்களுக்கு அவர் தீவுப் புள்ள. எனக்கு மதினி.

எங்கள் கரையில் கலியாணம் என்றால் பெண்ணுக்கு வீடு கொடுப்பார்கள். மாப்பிள்ளைதான் உடுப்பை எடுத்துக்கொண்டு பெண் வீட்டுக்குப் போய் இருப்பார். மதினி வீடு கொண்டு வரவில்லை. கடலைத் தாண்டி எப்படிக் கொண்டு வருவது? கொஞ்சக் காலம் மாமியார் வீட்டில் இருந்தார். பிறகு காக்கா கடற்கரைப் பக்கம் இரண்டு அறை வீடொன்றை வாடகைக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு, கட்டாருக்குப் போய்விட்டார். "வாடகை வீட்டுப் பொஞ்சாதி" என்று சிலர் காதுபடச் சொன்னார்கள். மதினிக்கு அதில் என்ன குறை என்று கடைசி வரை விளங்கவில்லை.

கல்முனைச் சந்தைக்கு முதல்தரம் என்னோடு வந்தபோது ஒரு கடையில் ஈரப்பலாக்காய் குவிந்து கிடப்பதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். ஒன்றை எடுத்து முகர்ந்தார். கண் கலங்கிவிட்டது. அது அவர்களுடைய நாட்டுச் சோறு என்பது எனக்கு அன்றுதான் தெரியும். வீட்டுக்குக் கொண்டு வந்து, முற்றத்தில் தேங்காய்ப் பொச்சு மட்டை மூட்டி, காயை முழுசாகப் போட்டுக் கறுக்கச் சுட்டார். கருகிய தோலைத் தட்டிவிட்டு, உள்ளே இருந்த மஞ்சள் சதையைப் பிட்டுத் தேங்காய்ப்பாலில் தோய்த்து எங்களுக்குத் தந்தார். பெண்கள் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார்கள். அடுத்த தடவை அவர் நெருப்பு மூட்டியபோது அதே பெண்கள் பீங்கான் தட்டோடு வந்து நின்றார்கள்.

தமிழை அவர் ஒழுங்கைப் பிள்ளைகளிடம் படித்தார். அதனால் அவருக்கு 'நீங்கள்' வராது. எல்லாருக்கும் 'நீ'தான். ஒருநாள் பள்ளிவாசல் இமாம், எங்கள் ஹஸ்ரத், வீதியில் போனபோது, "ஹஸ்ரத், நீ சாப்பிட்டயா?" என்று கேட்டுவிட்டார். பக்கத்தில் நின்றவர்களுக்கு மூச்சு நின்றுவிட்டது. ஹஸ்ரத் நின்று, "ஓம் மகள், சாப்பிட்டன். நீ சாப்பிட்டயா?" என்றார். அன்றிலிருந்து யாரும் அவரைத் திருத்தவில்லை.

கேள்வியும் அப்படித்தான். பள்ளிவாசலுக்கு நான்காவது ஒலிபெருக்கி வந்தபோது கேட்டார். நான் ஒரு கலியாணத்துக்காக நடக்க முடியாத சப்பாத்து ஒன்று வாங்கியபோது கேட்டார். காக்கா கட்டாரிலிருந்து சுவரளவு டீவி அனுப்பியபோது போனில் அவரிடமே கேட்டார். குத்திக் காட்டுகிற தொனி இராது. தலையைக் கொஞ்சம் சரித்துக்கொண்டு, பதில் வரும் என்று நம்பி நிற்பார். சரியான பதில் சொன்னால் அவருக்கு அத்தனை சந்தோஷம். எதிர்வீட்டுக்காரர் கக்கூசுக்குள் கைப்பிடி பொருத்தியபோதும், "இது ஆருக்கு?" என்றார். "உம்மாக்கு. முழங்கால் நோவு, எழும்ப ஏலா" என்று அவர் சொன்னதும், மதினி அந்தக் கைப்பிடியை இழுத்துப் பார்த்து, "நல்லம், நல்லம்" என்று இரண்டு முறை சொன்னார்.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதை ஒரு மத்தியானம், கிணற்றடியில் மீன் கழுவும்போது எனக்குச் சொன்னார்.

அந்த இறங்குதுறையைப் பற்றித்தான் பேச்சு. "பெரிசு புள்ள. எங்கட நாட்டுல அவ்வளவு பெரிய சாமான் முந்தி இல்ல. திறக்கிற அண்டைக்கு மந்திரிமார், வெளிநாட்டாக்கள், எல்லாரும் வந்தாங்க. நாங்க பொண்டுகள் ஆடினம். நான் முன் வரிசை."

"ஆடினீங்களா?"

"ஓம். எங்கட நாட்டுல ஆர் வந்தாலும் ஆடுவம். பூ மாலை போட்டு, எண்ணெய் பூசி ஆடினம். எனக்கு அண்டைக்குச் சரியான சந்தோசம்."

இறங்குதுறை பெரிய கப்பலுக்குக் கட்டியது. பெரிய கப்பல் எப்போதாவது ஒருமுறைதான் வரும். மற்ற நாளெல்லாம் வெளித்தீவுகளிலிருந்து சின்னப் படகுகள்தான் வரும். அந்தப் படகுகளுக்குத் துறை ஒரு மதில்போல எட்டாத உயரத்தில் நின்றது. முன்பு படகைக் கொண்டுபோய் ஏற்றுகிற மணல் கரைக்கு மேல்தான் அதைக் கட்டியிருந்தார்கள். கடல் வற்றுகிற நேரத்தில் படகில் வந்தவர்கள், பக்கத்தில் தொங்கவிட்ட டயர்களைப் பிடித்து ஏற வேண்டும். இளம் பொடியன்மார் ஏறுவார்கள்.

மதினியின் தங்கைக்கு வெளித்தீவில் நிறைமாதத்தில் வயிற்றுவலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடந்திருக்கிறது. ஆஸ்பத்திரி துறைக்குப் பக்கத்திலேயே இருந்தது. படகு வந்து சேர்ந்தபோது கடல் வற்றியிருந்தது. டயரில் அவளை ஏற்ற முடியவில்லை. கயிறு கட்டித் தூக்கப் பார்த்தார்கள், அவள் அலறினாள். கடைசியில் படகைத் திருப்பி, தீவைச் சுற்றிக்கொண்டு மறுபக்கத்துக் கரைக்குப் போனார்கள். தங்கை தப்பிவிட்டாள். பிள்ளை தப்பவில்லை.

மதினி மீனின் வயிற்றைக் கீறிக் குடலை எடுத்துக்கொண்டே சொன்னார். "கட்டினவங்க கெட்டவங்க இல்ல புள்ள. நல்ல கல்லு, நல்ல கம்பி. அவங்க எங்கள்ட்டக் கேக்கல்ல. நாங்களும் சொல்லல்ல. ஆடினம்."

நான் மீன் கழுவத் தண்ணீர் அள்ளி ஊற்றினேன். பிறகு நான் கேட்டேன், அந்தத் துறையைக் கட்ட வந்தவர்களில் ஒருவரையே எப்படி முடித்தார் என்று.

"புள்ளட மய்யித்த அடக்கின மறுநாள் கிரேன் ஓட்டுற ஆள் ஒருத்தர் எங்கட வீட்டுக்கு வந்தார். வாசல்ல நிண்டு, படி எங்க வெச்சா உங்களுக்கு நல்லம் எண்டு கேட்டார். தங்கச்சி எழும்பி நடந்த பிறகு நானும் அவளும் போய்க் காட்டினம். மேலதிகாரிட்ட மன்றாடி, மிஞ்சின கொங்கிறீட்ல தண்ணி வரைக்கும் வாறமாதிரிப் படி கட்டிக் குடுத்துட்டுத்தான் அவர் வேலைய முடிச்சார். அவ்வளவு பேர் வந்தாங்க. அவர்தான் கேட்டார்." மீனைக் கழுவி முடித்துச் சட்டியில் போட்டார். "மறுகா எனக்கு வேற என்ன வேணும்?"

பிறகு எங்கள் ஊருக்கும் வெளிநாட்டுக் காசு வந்தது.

கல்முனைக்குத் தெற்கே எங்கள் கரையைக் கடல் சில வருடங்களாகத் தின்றுகொண்டிருந்தது. தென்னைகள் வேரோடு சரிந்தன, மீன்வாடிக் குடிசைகள் போயின. கரை நீளத்துக்கும் கருங்கல்லால் அணை போட ஒரு நாடு முன்வந்தது. அந்த வேலைத்திட்டத்தில் எனக்கு மொழிபெயர்க்கிற வேலை கிடைத்தது. வெளிநாட்டு எஞ்சினியர் நரைத்த தலையும் பொறுமையுமான ஒரு மனிதர். பாடசாலை மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். திரையில் படம் ஓடியது. ஊரின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இடைவெளி இல்லாத கல் அணை.

அதைப் பார்த்ததும் மண்டபத்தில் இருந்த மீன்பிடிகாரர் எல்லாருக்கும் ஒன்று விளங்கியது. கரைவலை இழுக்க வெறுங்கரை வேண்டும். தோணியைக் கரைக்கு ஏற்ற வழி வேண்டும். இந்த அணையில் இரண்டுக்கும் இடமில்லை. ஆனாலும் யாரும் வாய் திறக்கவில்லை. கூட்டத்துக்கு முன்பே மீனவர் சங்கத் தலைவர் வீடுவீடாகப் போய்ச் சொல்லியிருந்தார்: "ஒண்டும் கதைக்காதீங்க. கதைச்சா இந்தக் காசு வேற ஊருக்குப் போயிரும். முதல்ல கல்லு வரட்டும்." அவரையும் பிழை சொல்ல முடியாது. அப்படிப் போன காசுகளை அவர் பார்த்திருக்கிறார்.

எஞ்சினியர் கேள்வி இருக்கிறதா என்று கேட்டார். தலைவர் எழுந்து, எல்லாருக்கும் சம்மதம், நன்றி என்றார். நான் மொழிபெயர்த்தேன். அப்போது பெண்கள் பக்கம் மதினி எழுந்தார். அவருக்கு என்னைவிட நல்ல ஆங்கிலம் தெரியும். எஞ்சினியரிடம் நேரே கேட்டிருக்கலாம். தமிழில்தான் கேட்டார், ஊருக்கு விளங்கட்டும் என்று.

"இந்தச் சுவர் ஆருக்கு?"

நான் மொழிபெயர்ப்பதற்குள் தலைவர், "இரிங்க புள்ள, இது ஊர் விசயம்" என்றார்.

"ஊர் விசயந்தான் கேக்கிறன். தோணி எதால ஏறும்? வலை எங்க இழுக்கிற? நீ சொல்லு. உன்ட தோணி எங்க நிக்கும்?"

தலைவர் மறுபடியும் கையால் இருக்கச் சொன்னார். பதில் வேறு இடத்திலிருந்து வந்தது. இரண்டு வரிசை முன்னால் இருந்த ஹாஜறா ராத்தா எழுந்து திரும்பினார். எங்கள் பக்கம் மூத்த சகோதரியை ராத்தா என்போம். அவர் எனக்குச் சொந்தமில்லை, ஆனாலும் எல்லாருக்கும் ராத்தா. சுனாமியில் அவருடைய மகளைக் கடல் கொண்டுபோனது. மய்யித்துக் கூடக் கிடைக்கவில்லை. கடலுக்கு எட்டத்தில், மாவடிப்பள்ளியில் இருக்கும் தங்கை எத்தனையோ தரம் கூப்பிட்டும், அவர் கடற்கரை வீட்டை விட்டுப் போகவில்லை.

"எனக்கு" என்றார் ஹாஜறா ராத்தா. "இந்தச் சுவர் எனக்கு. தோணிக்கு வழி விடச் சொல்றாய். அதே வழியால கடல் வரும். நீ அண்டைக்கு இங்க இரிக்கல்ல."

பதில் கிடைத்தால் சந்தோஷப்படுகிற மதினி அன்று தலை குனிந்து நின்றதை நான் பார்த்தேன். என்ன சொல்கிறார்கள் என்று எஞ்சினியர் என்னைக் கேட்டார். இருவர் சொன்னதையும் அப்படியே சொன்னேன்.

அவர் திரையை அணைக்கச் சொன்னார். அடுத்த நாள் காலையில் கடற்கரைக்கு வந்து, கரைவலை இழுப்பதை முதலிலிருந்து முடிவு வரை நின்று பார்த்தார். அங்கிருந்து ஹாஜறா ராத்தாவின் வீட்டுக்குப் போய், தண்ணீர் எந்தப் பக்கத்தால் வந்தது, எதுவரை ஏறியது என்று கேட்டார். பிறகு ஊருக்குச் சொன்னார்: படத்தை மாற்றலாம், ஆனால் வேலை அடுத்த வருடத்துக்குப் போகும்.

அந்தக் கோபம் முழுவதும் மதினியின் தலையில் விழுந்தது. வந்தவள் கெடுத்துவிட்டாள் என்றார்கள். அவரை வெளியே விடாதே என்று மாமியாரிடம் ஆள் அனுப்பினார்கள். மதினி முற்றத்தில் ஈரப்பலாக்காய் சுட்டார். பீங்கானோடு யாரும் வரவில்லை. நான் மட்டும் போனேன். "நான் பிழையாக் கேட்டனா புள்ள?" என்றார். நான் இல்லை என்றேன். "அவ சொன்னதும் பிழை இல்லத்தானே" என்று சொல்லிவிட்டு, சுட்ட காயை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த மாரியில் கடல் பெரிதாக எழும்பியது. ஒரு விடியற்காலை, சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு, ஹாஜறா ராத்தாவின் குசினியைக் கடல் எடுத்தது. சுவர், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் சரிந்து அலைக்குள் போயின. ஆட்கள் ஓடி வந்தார்கள். மழை கொட்டியது. மிச்சம் இருந்த அறையின் வாசலில் ஹாஜறா ராத்தா நனைந்துகொண்டு நின்றார். மதினியும் வந்தார். எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று நான் பயந்தேன்.

மதினி எதுவும் கேட்கவில்லை. நேரே உள்ளே போய், சம்மாந்துறை ஆலையிலிருந்து வந்த அரிசிமூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு தன் வீட்டுக்கு நடந்தார். திரும்பி வந்து பாயையும் தலையணையையும் எடுத்தார். மூன்றாம் முறை வந்தபோது ஹாஜறா ராத்தாவின் கையைப் பிடித்தார்.

"உன்னாலதான் போச்சு" என்றார் ராத்தா.

"ஓம்" என்றார் மதினி. "வா. மழை."

ராத்தா போனார். மாரி முடிந்து, வீட்டைத் திருத்தி, அணை எழும்பும் வரை அந்த இரண்டு அறை வீட்டில் ஒன்றில்தான் இருந்தார். இருவரும் சிநேகிதமானார்கள் என்று சொல்ல முடியாது. ராத்தா தனியாக இருந்துதான் சாப்பிட்டார். மதினியோடு நேரே பேசமாட்டார். "அந்தப் புள்ளக்கிட்டச் சொல்லு, கறிக்கு உப்புக் கூட" என்று என்னிடம் சொல்லுவார். மதினி பக்கத்தில்தான் நிற்பார். ஆனால் கட்டாரிலிருந்து காக்கா அழைக்கும்போது மதினி போனை ராத்தாவின் கையிலும் கொடுப்பார். ராத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டே, "சுகமா தம்பி?" என்று கேட்பார்.

அணை அடுத்த வருடம் எழும்பியது. மூன்று இடங்களில் வழி விட்டார்கள். வழிக்கு நேர் முன்னால், கொஞ்சம் கடலுக்குள் தள்ளி, இன்னொரு கல்வரிசை போட்டார்கள். தோணி வளைந்து உள்ளே வரலாம். அலை நேரே பாய முடியாது. வழிகளுக்கு நடுவே கரைவலை இழுக்கிற அளவுக்கு ஒரு துண்டு வெறுங்கரையும் மிஞ்சியது. முந்தி இழுத்த எல்லா வலைக்கும் அது போதவில்லை. ஒரு குழு தொழிலை விட்டுவிட்டுக் கல்முனையில் கடை வைத்தது. அதில் ஒருவர் இன்றைக்கும் மதினியைத் திட்டுவார், இன்னொருவர் அவருக்காகத் துஆச் செய்வார்.

அதன் பிறகு மதினி அதிக காலம் எங்களோடு இருக்கவில்லை. அவருடைய தாய்க்கு நோய் கடுமை என்று செய்தி வந்தது. போய்விட்டு வருகிறேன் என்றுதான் போனார். தாய் மௌத்தானதும் தங்கையைத் தனியே விட முடியவில்லை. கொஞ்ச நாளில் காக்காவும் கட்டாரை விட்டு அங்கே போய்ச் சேர்ந்தார். இப்போது அந்தத் துறைக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கிறார்கள். எப்போதாவது போனில் குரல்பதிவு அனுப்புவார். தமிழ் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்து வருகிறது. 'நீ' மட்டும் அப்படியே இருக்கிறது.

அவர் புறப்பட்ட காலையை மறக்க முடியாது. வான் ஒழுங்கை முனையில் நின்றது. மாமியார் அழுதார், நான் அழுதேன். சங்கத் தலைவர் வந்து, வானுக்குள் பெட்டியைத் தானே தூக்கி வைத்தார். ஹாஜறா ராத்தாவைக் காணவில்லை. அவர் வரமாட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். சாரதி வானை எடுக்கப் போகும்போது, ராத்தா கறுப்பு அபாயாவோடு, கையில் ஒரு பையோடு, அவசரமில்லாமல் நடந்து வந்தார். கதவைத் திறந்து மதினிக்குப் பக்கத்தில் ஏறி இருந்தார்.

"எங்க ராத்தா?" என்றேன்.

"எயாபோட்டுக்கு. வாப்பாவும் இங்க இல்ல, உம்மாவும் இங்க இல்ல. புருசனும் பக்கத்துல இல்ல. ஒரு பொம்புளப் புள்ள கொழும்பு வரைக்கும் தனியப் போறயா?"

சுனாமிக்குப் பிறகு அவர் கடற்கரையை விட்டு ஒரு நாளும் எங்கும் போனதில்லை. தங்கையின் மகள் கலியாணத்துக்குக்கூட மாவடிப்பள்ளிக்குப் போகவில்லை. வான் போய்விட்டது.

மறுநாள் பின்னேரம் அவர் பஸ்ஸில் வந்து இறங்கினார். முகம் வீங்கி, களைத்துப் போயிருந்தார். தேத்தண்ணி கொடுத்துவிட்டு, வழியில் இரண்டு பேரும் என்ன கதைத்தீர்கள் என்று கேட்டேன்.

"என்னத்தக் கதைக்கிற? மகாஓயா தாண்டக்குள்ளயே அவ என்ட தோள்ல சாஞ்சு நித்திரையாகிட்டா" என்றார். தேத்தண்ணியை ஊதி ஒரு மிடறு குடித்தார். "தோள் மரத்துப் போச்சு புள்ள. நான் அசைக்கல்ல."